மருந்தும் மருத்துவமும் தமிழில்: யார் இந்த டாக்டர் சாமுவேல் கிரீன்?

கம்பத்திலோ உத்தமபாளையத்திலோ பொழுது சாய்ந்த நேரத்தில் ஒரு மெடிக்கல் ஷாப் வாசலில் நின்றால் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். மலை மேலே ஏலத்தோட்ட வேலை முடிந்து ஜீப்பில் வந்து இறங்கிய அம்மா ஒருவர் மருந்துச் சீட்டை நீட்டுகிறார். சீட்டில் பி.டி., டி.டி.எஸ். என்று எழுதியிருக்கிறது. இரண்டு வேளை, மூன்று வேளை என்பதற்கான லத்தீன் சுருக்கங்கள் அவை. மாத்திரை அட்டையில் இருப்பது ஆங்கிலம். வாங்க வந்தவருக்குத் தெரிந்தது தமிழ் மட்டும்தான். எது காலையில, எது ராத்திரியில, சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா என்பதையெல்லாம் அவருக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டியவர், கவுன்டருக்கு உள்ளே நிற்கும் மருந்தாளுநர்.

அந்த வேலைக்காக டி.பார்ம் படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகங்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்துவிட்டு வருபவர்கள் ஆரம்பத்தில் திணறித்தான் போகிறார்கள். பாடம் கஷ்டமா, மொழி கஷ்டமா என்று அவர்களுக்கே பிரித்துச் சொல்லத் தெரிவதில்லை.

ஆனால் சுமார் 150 வருடங்களுக்கு முன்பே இந்தப் பாடங்களை வரிசையாகத் தமிழில் கொண்டுவந்து, தமிழிலேயே வகுப்பு நடத்தி, டாக்டர்களை உருவாக்கிக் காட்டிய ஒருவர் இருந்தார். அவர் தமிழர் இல்லை, அமெரிக்கர். பெயர் சாமுவேல் பிஸ்க் கிரீன். யாழ்ப்பாணத்தில் கிறீன் என்று எழுதுவார்கள்.

எங்கிருந்து வந்தார்?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வொர்செஸ்டர் என்ற ஊர். அங்கே கிரீன் ஹில் என்ற பண்ணையில் 1822 அக்டோபர் 10ஆம் தேதி பிறந்தார் கிரீன். பெரிய குடும்பம். அவருடைய அண்ணன் ஆண்ட்ரூ கிரீன் பிற்காலத்தில் நியூயார்க் நகரத்தின் சென்ட்ரல் பூங்கா உருவாக முக்கியக் காரணமாக இருந்தவர். அண்ணன் நியூயார்க்கைப் பார்த்துக்கொள்ள, தம்பி கடல் தாண்டிப் போனார்.

நியூயார்க்கில் மருத்துவம் படித்து 1845ல் பட்டம் வாங்கிய கிரீன், அமெரிக்க மிஷன் டாக்டராக 1847ல் கப்பல் ஏறினார். அதே வருடம் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். முதலில் வட்டுக்கோட்டை, அடுத்த வருடம் மானிப்பாய். அந்த மானிப்பாய்தான் கடைசிவரை அவருடைய ஊரானது.

தேனிக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?

நேரடி சம்பந்தம் கிடையாது. கிரீன் கம்பம் பள்ளத்தாக்கில் வேலை செய்தவர் அல்ல. ஆனால் அவர் இருந்த அமைப்புக்கும் இந்தப் பகுதிக்கும் ஒரு தொடர்பு உண்டு. யாழ்ப்பாணத்தில் இருந்த அமெரிக்க மிஷனிலிருந்து 1834ல் கிளைத்ததுதான் மதுரையில் தொடங்கிய அமெரிக்க மிஷன். அன்றைக்குத் தேனி என்று தனி மாவட்டம் இல்லை; எல்லாமே மதுரை மாவட்டம். அந்த மதுரை மிஷனின் நிலையங்களில் ஒன்றாகப் பெரியகுளமும் இருந்தது.

இன்னொரு சம்பந்தம் ஏலக்காய் வழியாக வருகிறது. அதற்குப் பிறகு வருவோம்.

முதலில் ஆங்கிலம், அப்புறம் ஏன் தமிழ்?

கிரீன் வந்த காலத்தில் யாழ்ப்பாணத்தைக் காலரா அடிக்கடி தாக்கிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு டாக்டர் ஊர் ஊராக ஓடினாலும் தீராத வேலை. அதனால் வந்த உடனேயே உள்ளூர் இளைஞர்களைச் சேர்த்து மருத்துவம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். இலங்கையின் முதல் மருத்துவப் பள்ளி என்று சொல்லப்படுவது இந்த மானிப்பாய் வகுப்புதான். கொழும்பில் அரசு மருத்துவப் பள்ளி வந்தது 1870ல்தான்.

ஆரம்பத்தில் அவரும் ஆங்கிலத்தில்தான் பாடம் நடத்தினார். மாணவர்களும் நன்றாகவே படித்தார்கள். ஆனால் கிரீன் ஒன்றைக் கவனித்தார். ஆங்கிலத்தில் படித்து முடித்தவர்களுக்கு அரசாங்க வேலை கிடைத்தது. வேலை கிடைத்த இடத்துக்குப் போய்விட்டார்கள். கிராமம் கிராமமாகவே இருந்தது. நோயாளிக்கும் டாக்டருக்கும் நடுவில் மொழி ஒரு சுவராக நின்றது.

ஆங்கிலத்தில் படித்தவர் தனக்குத் தெரிந்ததை ஊரில் இருக்கும் நாட்டு வைத்தியருக்கோ, பிரசவம் பார்க்கும் பெண்ணுக்கோ, நோயாளியின் வீட்டாருக்கோ விளக்க முடியவில்லை. அவரிடம் இருந்த அறிவு அவரோடு நின்றுபோனது. தமிழில் இருந்தால் அது கை மாறும், ஊரில் தங்கும் என்பது கிரீனின் கணக்கு.

ஒரு தமிழ் மருத்துவர் ஐரோப்பிய உடைக்கும் பழக்கத்துக்கும் மாறிவிட்டால் ஊர்க்காரர்களிடமிருந்து விலகிவிடுவார் என்றும் அவர் கவலைப்பட்டார். தன்னிடம் படிப்பவர்கள் ஊர்க்காரர்களைப் போலவே உடுத்தி, ஊரோடு ஒட்டி இருக்க வேண்டும் என்று விரும்பினார்.

1857ல் விடுப்பில் அமெரிக்கா போன கிரீன், அங்கே மார்கரெட் வில்லியம்ஸைத் திருமணம் செய்துகொண்டு 1862ல் மானிப்பாய்க்குத் திரும்பினார். 1860களின் நடுவில் தமிழ் வழி வகுப்பு தொடங்கிவிட்டது.

புத்தகமே இல்லாமல் வகுப்பு எப்படி?

தமிழில் சொல்லிக்கொடுக்க முடிவெடுப்பது சுலபம். புத்தகத்துக்கு எங்கே போவது? எழுதித்தான் ஆக வேண்டும்.

விடுப்பில் போகும் முன்பே உடற்கூறும் சுகாதாரமும் பற்றிய ஒரு பாட நூலையும், பிரசவ மருத்துவ நூல் ஒன்றையும் தமிழில் கொண்டுவரும் வேலையில் இறங்கியிருந்தார். திரும்பி வந்த பிறகு வேலை வேகம் பிடித்தது. 1867ல் அறுவை மருத்துவத்துக்கான ‘இரண வைத்தியம்’ வந்தது. 1872ல் ‘மனுஷ அங்காதிபாதம்’. உலகம் முழுக்க மருத்துவ மாணவர்கள் இன்றைக்கும் புரட்டும் கிரேயின் உடற்கூறு நூலை அடிப்படையாகக் கொண்டது அது. லண்டனில் கிரேயின் நூல் முதல் முறை வெளியானது 1858ல். பதினாலே வருடத்தில் அது தமிழ் பேசிவிட்டது. அதே 1872ல் பொது மருத்துவத்துக்கான ‘வைத்தியாகரம்’, 1875ல் வேதியியலுக்கு ‘கெமிஸ்தம்’, அதன் பிறகு உடலியக்கத்துக்கு ‘மனுஷ சுகரணம்’, மருந்துப் பொருள்களுக்கு ‘இந்து பதார்த்த சாரம்’. எல்லாம் சேர்த்தால் ஆயிரக்கணக்கான பக்கங்கள்.

இதை அவர் தனியாகச் செய்யவில்லை. டான்போர்த், சாப்மன் போன்ற அவருடைய மாணவர்களே மொழிபெயர்ப்பிலும் திருத்துவதிலும் கூட நின்றார்கள். பெயரைப் பார்த்து அமெரிக்கர்கள் என்று நினைக்க வேண்டாம். மிஷன் பள்ளியில் சேர்ந்தபோது அமெரிக்கப் பெயர் வைக்கப்பட்ட யாழ்ப்பாணத் தமிழர்கள் அவர்கள். உழைப்பில் பாதி அவர்களுடையது.

கலைச்சொல்லுக்கு என்ன செய்தார்?

இன்றைக்கும் தமிழில் அறிவியல் எழுதும் யாரும் முட்டிக்கொள்ளும் இடம் இது. கிரீன் இதற்கு ஒரு ஒழுங்கு வைத்திருந்தார். முதலில் தமிழில் ஏற்கெனவே புழங்கும் சொல் இருக்கிறதா என்று தேடு. இல்லையென்றால் சமஸ்கிருதத்தில் பார். அங்கேயும் கிடைக்காவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் வாய்க்கு ஏற்ற மாதிரி மாற்றி எடுத்துக்கொள்.

அவருடைய புத்தகத் தலைப்புகளிலேயே இதைப் பார்க்கலாம். ரணம் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரிந்த சொல். அதனால் இரண வைத்தியம். அங்காதிபாதம் வடமொழி வழி வந்தது. கெமிஸ்தம் என்பது கெமிஸ்ட்ரியைத் தமிழ் ஓசைக்குள் உட்கார வைத்தது. சொல் ஒரு முறை முடிவானால் எல்லாப் புத்தகத்திலும் அதே சொல்தான் வர வேண்டும் என்பதற்காகக் கலைச்சொல் பட்டியல்களையும் தயாரித்தார்.

இதில் சில சொற்கள் நிலைக்கவில்லை. இன்றைக்கு அங்காதிபாதம் என்றால் யாருக்கும் தெரியாது, உடற்கூறியல் என்கிறோம். ஆனால் முறை பிழைத்துக்கொண்டது. பிற்காலத்தில் கலைச்சொல் உருவாக்கியவர்கள் விவாதித்ததும் ஏறக்குறைய இந்த மூன்று வழிகளைப் பற்றித்தான்.

மருந்தாளுநர் படிப்புக்கு இதில் என்ன இருக்கிறது?

இன்றைய டி.பார்ம் முதலாம் ஆண்டுப் பாடங்களை எடுத்து கிரீனின் புத்தக வரிசைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

உடற்கூறும் உடலியக்கமும் ஒரு பாடம். மருந்து உடம்பில் எங்கே போகிறது, எந்த உறுப்பு அதை வெளியேற்றுகிறது என்று தெரியாமல் மருந்தைத் தொட முடியாது. கிரீனிடம் அங்காதிபாதமும் சுகரணமும். அடுத்து வேதியியல். கிரீனிடம் கெமிஸ்தம். அடுத்து தாவரங்களிலிருந்தும் மற்ற இயற்கைப் பொருள்களிலிருந்தும் கிடைக்கும் மருந்துகளை அடையாளம் காணும் பாடம், மருந்தைத் தயாரிக்கும் பாடம். அதற்கு இந்து பதார்த்த சாரம்.

முதலில் உடம்பு, பிறகு பொருள், பிறகு மருந்து, கடைசியில் அளவு. அன்றைக்கும் இன்றைக்கும் அடித்தளம் இதுதான்.

அளவு என்பது அன்றைக்குக் கிரெய்ன் கணக்கு. ஒரு கிரெய்ன் என்பது சுமார் 65 மில்லிகிராம். இப்போது எல்லாம் மில்லிகிராம்தான் என்றாலும் பழைய கணக்கு முழுசாகப் போய்விடவில்லை. சில மாத்திரை அட்டைகளில் 325 மி.கி. என்று ஒரு விநோதமான எண் இருக்குமே, அது எங்கிருந்து வந்தது? 5 கிரெய்னை மில்லிகிராமுக்கு மாற்றினால் வரும் எண் அது.

இந்து பதார்த்த சாரமும் ஏலக்காயும்

பார்மகோப்பியா என்றால் என்ன? ஒரு நாட்டில் பயன்படும் மருந்துகள் எவை, ஒவ்வொன்றும் எந்தத் தரத்தில் இருக்க வேண்டும், எப்படித் தயாரிக்க வேண்டும், எவ்வளவு கொடுக்கலாம் என்று வரையறுக்கும் அதிகாரப்பூர்வ நூல். இது இல்லாவிட்டால் ஒரே பெயரில் ஒரு கடையில் ஒரு வீரியத்திலும், அடுத்த கடையில் வேறு வீரியத்திலும் மருந்து கிடைக்கும். பிரிட்டனிலேயே லண்டன், எடின்பரோ, டப்ளின் என்று மூன்று தனித்தனி நூல்கள் இருந்தன. அந்தக் குழப்பம் தீர்ந்து ஒரே நூல் வந்தது 1864ல்.

இந்தியாவுக்கான பார்மகோப்பியா 1868ல் வந்தது. அதைத் தொகுத்தவர் எட்வர்ட் ஜான் வாரிங். கம்பத்துக்கு மேற்கே மலையைத் தாண்டினால் வரும் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் டாக்டராக இருந்தவர். ஐரோப்பிய மருந்துகளோடு இந்தியாவில் விளையும் மருந்துப் பொருள்களையும் அவர் நூலில் சேர்த்தார். அவற்றில் ஒன்று ஏலக்காய். போடிநாயக்கனூரில் இன்றைக்கு ஏலத்தில் விலை போகும் அதே ஏலக்காய்தான். அதில் எடுத்த டிங்சர் வயிற்று உப்புசத்துக்கும், கசப்பு மருந்துக்கு மணம் சேர்க்கவும் பயன்பட்டது.

இந்தப் பார்மகோப்பியாவைத்தான் கிரீன் இந்து பதார்த்த சாரமாகத் தமிழுக்குக் கொண்டுவந்தார்.

இதில் பெரிய சிக்கல் பெயர். ஒரே செடிக்கு ஊருக்கு ஊர் பெயர் மாறும். ஒரே பெயர் இரண்டு வேறு பொருளுக்கும் இருக்கும். சீரகமும் கருஞ்சீரகமும் பெயரில்தான் சொந்தம். செடிகள் வேறு வேறு குடும்பம். கொத்தமல்லியின் குடும்பம் சீரகம். கருஞ்சீரகம் அந்தக் குடும்பமே இல்லை. இப்படிப் பெயர் குழம்பினால் மருந்தே மாறிவிடும். அதனால்தான் 1868 நூலுக்கு அடுத்த வருடமே சென்னை மருத்துவர் முகைதீன் ஷெரீப் ஒரு துணை நூல் வெளியிட்டார். மருந்துப் பொருள்களுக்குத் தமிழ் உட்பட இந்திய மொழிகளில் என்னென்ன பெயர்கள் என்று தொகுத்துக் கொடுத்தார்.

அந்தப் பிரச்சினை இன்றைக்கும் வேறு உருவத்தில் இருக்கிறது. எழுத்திலும் உச்சரிப்பிலும் ஒன்று போலவே இருக்கும் மருந்துப் பெயர்கள் நிறைய. கையெழுத்து புரியாமல் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை எடுத்துக் கொடுத்துவிடும் ஆபத்து இருப்பதால், இப்படிப்பட்ட பெயர்களைத் தனியாகப் பட்டியலிட்டு, அலமாரியில் பிரித்து வைக்கச் சொல்லித்தருகிறார்கள்.

கிரீன் ஜெயித்தாரா, தோற்றாரா?

இரண்டும்தான் என்று சொல்ல வேண்டும்.

அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் அவரிடம் மருத்துவம் படித்து வெளியே வந்தார்கள். அவர்களில் பாதிப்பேர் தமிழ் வழியில் படித்தவர்கள். தமிழில் மேற்கத்திய மருத்துவம் படித்து நோயாளியைக் குணப்படுத்த முடியுமா என்ற கேள்விக்கு அவர்களே பதில்.

ஆனால் மாணவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. அரசாங்கம் நடந்தது ஆங்கிலத்தில். சம்பளமும் பதவியும் ஆங்கிலத்தில். கொழும்பு மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில். தமிழில் படித்தால் கிராமத்தில் மரியாதை கிடைக்கும், அரசாங்கத்தில் கதவு திறக்காது. புதிய ஆராய்ச்சிகள் எல்லாம் வேறு மொழியில் வந்துகொண்டிருந்தன. மொழிபெயர்ப்பு ஓடிப் பிடிப்பதற்குள் பாடம் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்விடும். தமிழ் வழியை வற்புறுத்திய கிரீன் ஆங்கிலம் படித்தே வளர்ந்தவர். அதன் கதவுகள் அவருக்குப் பிறவியிலேயே திறந்திருந்தன. ஆங்கிலம் வேண்டும் என்று கேட்ட மாணவர்களைக் குறை சொல்லிவிட முடியாது.

அவருடைய நோக்கத்திலும் மதம் கலந்திருந்தது. அவர் மிஷனரி, மருத்துவத்தோடு கிறிஸ்தவத்தையும் பரப்ப வந்தவர். அதை அவர் மறைத்ததும் இல்லை.

1873ல் உடல்நலம் குன்றிய கிரீன் குடும்பத்தோடு வொர்செஸ்டருக்குத் திரும்பிவிட்டார். தமிழை விடவில்லை. கையெழுத்துப் பிரதிகள் கப்பலில் போய் வந்தன. பனி கொட்டும் ஊரில் உட்கார்ந்து தமிழ் மருத்துவ நூல்களைத் திருத்திக்கொண்டிருந்தார். 1884 மே 28ஆம் தேதி இறந்தார். தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்ற அடையாளத்தோடு தன் பெயர் கல்லறையில் இருக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அப்படியே செய்தார்கள்.

மானிப்பாயில் தமிழ் வழி மருத்துவக் கல்வி அவருக்குப் பிறகு நீடிக்கவில்லை. வகுப்பை நடத்தியது ஒரு மனிதரின் பிடிவாதம். அதைத் தாங்கிப் பிடிக்க வேலைவாய்ப்போ, சட்டமோ, தொடர்ந்து புத்தகம் போடும் நிறுவனமோ இல்லை. அவர் பெயரில் கிரீன் நினைவு மருத்துவமனை மட்டும் இன்றும் மானிப்பாயில் இருக்கிறது.

இன்றைக்கு இதில் என்ன இருக்கிறது?

கிரீன் காலத்தில் டாக்டரும் மருந்து கலக்குபவரும் பெரும்பாலும் ஒரே ஆளாக இருந்தார்கள். பிறகு ஊர் ஊருக்குக் கம்பவுண்டர்கள் வந்தார்கள். பாட்டிலில் கோடு போட்ட காகிதம் ஒட்டி, ஒரு கோடு ஒரு வேளை என்று சொல்லிக் கொடுத்தவர்களைப் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரிந்த லேபிள் அது. சுதந்திரத்துக்குப் பிறகு 1948ல் பார்மசி சட்டம் வந்தது. பதிவு பெற்ற மருந்தாளுநர்தான் மருந்து வழங்க வேண்டும் என்று ஆனது. இந்தியாவின் சொந்தப் பார்மகோப்பியாவின் முதல் பதிப்பு 1955ல் வந்தது. 2015ல் வந்த பார்மசி நடைமுறை விதிகள், நோயாளிக்கு மருந்தைப் பற்றி விளக்கிச் சொல்வதையும் மருந்தாளுநரின் கடமையாக்கின.

அந்தக் கடமையை ஆங்கிலத்தில் செய்ய முடியாது. ஐந்து மில்லி சிரப் என்று படித்தவர், சமையல்கட்டு ஸ்பூன் வேறு, மருந்தோடு வரும் அளவு மூடி வேறு என்று தமிழில் சொல்ல வேண்டும். ஆன்டிபயாடிக் என்று படித்தவர், காய்ச்சல் விட்டுவிட்டது என்று இரண்டாம் நாளே நிறுத்தாமல், டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் சாப்பிட வேண்டும் என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு நிமிடப் பேச்சில் தப்பு நடந்தால் சரியான மருந்தும் தப்பான மருந்தாகிவிடும்.

கிரீன் ஆயிரக்கணக்கான பக்கங்களில் செய்ய முயன்ற வேலை இதுதான். படிப்பு எந்த மொழியில் இருந்தாலும், அது கடைசியில் போய்ச் சேர வேண்டிய இடம் நோயாளியின் மொழி. ஆங்கிலப் புத்தகத்தோடு மல்லுக்கட்டும் தேனி மாவட்டத்து டி.பார்ம் மாணவருக்கு ஏற்கெனவே ஒரு பாதி கைவசம் இருக்கிறது. ஜீப்பில் இறங்கி வரும் அந்த அம்மாவின் பேச்சு அவருக்குப் புரியும். அவர் சொல்வது அந்த அம்மாவுக்கும் புரியும். அந்த ஒன்றுக்காகத்தான் அமெரிக்காவிலிருந்து வந்த டாக்டர் தமிழ் படித்தார்.